நெட் இல்லாத பயணத்தில் ஜியோகேஷ் கணக்கை எழுதிவைப்பது எப்படி?

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஜியோகேஷிங் என்றால் யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப்பிடிக்கும் விளையாட்டு. அதற்குள் என்னை இழுத்துவிட்டது ஜேர்மனியில் இருக்கும் அக்காவின் மகன். போன வருடம் மூன்று கிழமை அவர்கள் வீட்டில் போய் நின்றேன். "சித்தி, எப்படியும் நடக்கத்தானே போகிறீர்கள், பெட்டி தேடிக்கொண்டு நடங்கள்" என்று போனில் செயலியைப் போட்டுத் தந்தான். முதல் பெட்டி ஒரு பாலத்துக் கம்பியின் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நகம் அளவுதான். அதற்குள் ஒரு தாள் சுருள், அதில் முன்பின் தெரியாத ஐம்பது பேரின் பெயர்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

முதல் நான்கு நாள் அவன் கூடவே வந்தான், அவனுடைய போனில் நெட் இருந்தது. பிறகு அவனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. என் போனில் இலங்கை சிம், ரோமிங் போடவில்லை. வீட்டு வைஃபையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போவேன், கண்டுபிடித்ததைக் கொப்பியில் எழுதுவேன், இரவு வந்து ஜியோகேஷிங் தளத்தில் பதியலாம் என்று நினைப்பேன். இரவு அக்காவுடன் கதைத்தே பன்னிரண்டு மணியாகிவிடும். பதிந்தது எல்லாம் கொழும்புக்கு வந்த பிறகுதான்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கொப்பியில் 17, தளத்தில் 12. ஐந்து இடிக்கிறது. கணக்குப் பிரிவில் இருந்தவளுக்கு ஐந்து சதம் இடித்தாலும் நித்திரை வராது. அந்த ஐந்து பெட்டிகளின் ஜிசி குறியீட்டை, அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள அடையாள எழுத்தும் எண்ணும், தளத்தில் போட்டால் ஒன்றுமே வருவதில்லை, அல்லது வேறு எங்கேயோ இருக்கிற பெட்டி வருகிறது. ஒன்று என்னைக் கனடாவுக்குக் கொண்டுபோனது. மழையில் மை கலைந்திருக்கிறது. சிலது நான் எழுதியது, சிலது அவன் எழுதியது. இரண்டு பதிவுகளுக்குத் தேதியும் இல்லை. அவன் எடுத்த படங்களின் நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அவற்றை அரட்டைச் செயலி வழியாக அனுப்பியிருக்கிறான். எல்லாவற்றிலும் எனக்கு வந்து சேர்ந்த தேதிதான் காட்டுகிறது.

வருகிற மாதம் இன்னொரு பயணம். ஒன்பது நாள். கோட்டையிலிருந்து ரயிலில் நானுஓயா, அங்கே இரண்டு நாள் மலையில், பிறகு யாழ்ப்பாணம், ஒரு நாள் நெடுந்தீவு. மலையகத்து ரயிலில் சுரங்கமும் பள்ளமும் வந்தால் போனில் ஒரு கோடும் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். போகிற வழியில் பதினொரு பெட்டிகள் குறித்து வைத்திருக்கிறேன். இந்த முறை இடிக்காமல் எழுதிவைக்க என்ன வழி? பழைய ஐந்தையும் மீட்க முடியுமா?

தெஹிவளைச் சிட்டு எழுதியது:

அக்கா, ஆண்ட்ராய்ட் போன் என்றால் சிஜியோ போடுங்கள். இலவசம், திறந்த மூலச் செயலி. புறப்பட முதல் வைஃபையில் நின்றுகொண்டு அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து "சேமி" கொடுங்கள். விவரம், குறிப்பு, மற்றவர்கள் எழுதிய கடைசிப் பதிவுகள் எல்லாம் போனுக்குள் இறங்கிவிடும். வரைபடத்தையும் தனியாக இறக்க வேண்டும். இலங்கை முழுவதும் இறக்கினாலும் பெரிய பாரம் இல்லை.

பெட்டியைக் கண்டுபிடித்ததும் அங்கேயே நின்று பதிவை எழுதி ஓஃப்லைன் பதிவாகச் சேமித்துவிடுங்கள். நெட் கிடைத்த பிறகு அனுப்பலாம். நேரே வெளியிட வேண்டாம், டிராஃப்ட் ஆக அனுப்பி, தளத்தில் ஒருமுறை வாசித்துத் திருத்தி வெளியிடுங்கள். அதிகாரபூர்வச் செயலியிலும் டிராஃப்ட் இருக்கிறது. ஆனால் பட்டியலாக ஒரேயடியாக இறக்கிவைக்க பிரீமியம் சந்தா கேட்கும். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவருக்கு அது தேவையா என்பது உங்கள் விருப்பம்.

முக்கியமானது: வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு பதினொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காதது ஒன்றாவது இருக்கும். நான் சொல்கிறேன் பாருங்கள்.

பழைய சர்வேயர் எழுதியது:

தங்கச்சி, கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். நில அளவையில் காலம் தள்ளியவன், ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த ஐந்து. ஜிசி குறியீடுகளில் எல்லா ஆங்கில எழுத்தும் வராது. ஐ, எல், ஓ, எஸ், யூ ஆகிய ஐந்தையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், எண்களோடு குழம்பும் என்று. ஆகவே உங்கள் கொப்பியில் ஓ மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூச்சியம்தான். எஸ் மாதிரித் தெரிந்தால் 5. ஐ, எல் என்று தோன்றினால் 1. யூ என்று எழுதியிருந்தால் அது அநேகமாக வி, நுனி மழுங்கியிருக்கும். தளத்தில் "இல்லை" என்று வந்த குறியீடுகளை இந்தக் கண்ணோடு திரும்ப எழுதிப் பாருங்கள். 8க்கும் பிக்கும், 2க்கும் இஸட்டுக்கும் இந்த உதவி கிடைக்காது, அவை நான்குமே பாவனையில் உண்டு. இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று. பெடியன் எழுதியதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஜேர்மனியில் படித்த பிள்ளைகள் 1ஐ நீளமான மேல்கோடு போட்டு எழுதுவார்கள், நம் கண்ணுக்கு அது 7. அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். குறுக்குக்கோடு இல்லாத 7ஐ அவன் எழுதியிருந்தால் அது 1 என்று பந்தயம் கட்டுவேன். கனடாவுக்குப் போனதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆள்கூறு, பெட்டி பூமியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்கள். தளத்தில் பாகையும், கலையும், கலையின் தசமமுமாகத் தருவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. தளத்தில் விகலை கிடையாது. 55.500 என்றால் 55 கலை 30 விகலை. அதை 55 கலை 50 விகலை என்று வாசித்துவிட்டீர்களோ, 20 விகலை பிழை, தரையில் அறுநூறு மீட்டருக்கு மேல். வெள்ளவத்தைக் கடற்கரையில் தேட வேண்டியதைக் காலி வீதிக்கு அப்பால் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கலை அகலாங்கு 1852 மீட்டர், அதுவே ஒரு கடல் மைல். அதன்படி தசமத்தின் மூன்றாவது இலக்கம் 1.85 மீட்டர். கொப்பியில் மூன்று இலக்கமும் எழுதுங்கள், கடைசியை விட்டால் பதினாறு பதினேழு மீட்டர் வரை போகும்.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். செய்மதி உங்கள் சிம்மைக் கேட்பதில்லை. நெட் இருந்தால் எந்தச் செய்மதி எங்கே நிற்கிறது என்ற விவரம் உடனே இறங்கும், இல்லாவிட்டால் போன் அதைச் செய்மதியிடமிருந்தே மெல்ல மெல்லக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு செய்மதி தன் இருப்பிட விவரத்தை 30 செக்கனுக்கு ஒருமுறை சொல்லும். எல்லாச் செய்மதிகளின் பட்டியலும் முழுதாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். ஆகவே விமானத்தில் வேறு நாட்டுக்குப் போய் இறங்கினால் வெட்டவெளியில் போனைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுமையாக நில்லுங்கள். நானுஓயாவில் இறங்கியதும் அப்படித்தான். தேயிலைச் சரிவில் நின்றால் ஒரு பக்க வானம் மறைந்துவிடும், மேட்டுக்கு ஏறி நில்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கைக்கருவியில் ஜிபிஎஸ் பார்த்தால் நூறு மீட்டர் பிழை சாதாரணம். அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே குழப்பிவைத்திருந்தது. 2000 மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகனில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அவரைக்கொட்டை டின் முதலான சாமான்களைப் போட்டுக் காட்டோரம் ஒளித்துவைத்து ஆள்கூறை இணையத்தில் எழுதினார். நாங்கள் அதே மாற்றத்தை வைத்து எல்லைக்கல் தேடினோம், அவர் விளையாடினார். யாருக்குப் புத்தி என்று இன்னும் யோசிக்கிறேன்.

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

அண்ணை, உங்கள் வாய்க்குச் சீனி போட வேண்டும். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். ஒன்றில் எஸ்ஸை 5 ஆக்கினேன், ஜேர்மனியின் ஹம் நகரத்துப் பெட்டி அப்படியே வந்து நின்றது. இன்னொன்றில் ஓ, பூச்சியம். கனடாவுக்குப் போனது பெறாமகன் எழுதியதுதான். 7ஐ 1 ஆக்கினேன், அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருந்த பெட்டி. நான்காவதை 2 என்று வாசித்திருக்கிறேன், இஸட் போட்டதும் கிடைத்தது. ஐந்தாவதில் நான்கு எழுத்து மட்டும்தான் தெரிகிறது, மிச்சம் நீலக் கறை.

தேதியில் ஒன்று கிடைத்துவிட்டது. ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போன நாள் அது, அர்ச்சனைத் துண்டு கைப்பையிலேயே கிடந்தது. மற்றதுக்கு என் போனிலேயே ஒரு படம் இருந்தது, பெட்டியின் படம் இல்லை, பக்கத்து வீட்டுப் பூனையின் படம். அதே தெருவில்தான் பெட்டியும் இருந்தது.

கொச்சிக்கடை நடையன் எழுதியது:

அக்கா, நான் போனை நம்புவதில்லை. கார்மின் ஈடிரெக்ஸ் 20 என்ற ஜிபிஎஸ் கைக்கருவி வைத்திருக்கிறேன், பழைய மாடல். இரண்டு டபிள் ஏ பேட்டரி போட்டால் 25 மணித்தியாலம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பேட்டரி முடிந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம், பிளக் தேடி அலைய வேண்டாம்.

கண்டுபிடித்ததும் கருவியில் "கிடைத்தது" என்று அமத்தினால் உள்ளே ஒரு எழுத்துக் கோப்பில் குறியீடு, நேரம், வகை, குறிப்பு எல்லாம் ஒரு வரியாகப் பதிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து கணினியில் செருகி, அந்தக் கோப்பைத் தளத்தின் டிராஃப்ட் பக்கத்தில் ஏற்றினால் சரி. ஒவ்வொரு பயணத்துக்கும் புதுக் கோப்பு வராது, பழைய வரிகளின் கீழேயே சேர்ந்துகொண்டு போகும். ஏற்றும்போது இன்ன தேதிக்கு முந்தியதை விடு என்று தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் போன வருடத்தது எல்லாம் திரும்பவும் வரிசையில் நிற்கும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கோப்பில் எழுதப்படுவது நம் நேரம் இல்லை, உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். நான் காலிமுகத்திடலில் விடிய 5.10க்கு ஒன்று கண்டுபிடித்தேன். கோப்பில் அது முதல் நாள் இரவு 11.40. தேதியே மாறிவிட்டது. காலை ஐந்தரைக்கு முந்திய எதையும் வெளியிட முதல் தேதியைப் பாருங்கள். ஜேர்மனியில் கோடைகாலத்தில் வித்தியாசம் இரண்டு மணித்தியாலம்தான்.

அந்தக் காலிமுகத்திடல் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் போனதே ஆட்கள் குறைவு என்பதால்தான். உட்காரும் வாங்கின் அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்கும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம். கொழும்பில், அந்த இருட்டில், பையோடு ஒரு தமிழ் ஆள் வாங்கின் அடியில் என்ன செய்கிறான் என்று கேட்டால் பதில் சுருக்கமாக இருக்க வேண்டும். என் சிங்களம் அன்றைக்கு எங்கேயோ ஓடிவிட்டது. பெட்டியைத் திறந்து தாளைக் காட்டினேன். அவர் வாசித்தார், சிரித்தார், இன்னொருமுறை பகலில் வா என்றார். அதற்குப் பிறகு இந்த விளையாட்டு என்னவென்று மூன்று மொழியிலும் அச்சடித்த ஒரு துண்டு பையில் வைத்திருக்கிறேன். அரச கட்டடம், பாலம், துறைமுக மதில் பக்கம் பெட்டி காட்டினால் நான் தேடுவதே இல்லை. ஒரு புள்ளி குறைந்தால் குறைகிறது.

சும்மா வாசிப்பவன் எழுதியது:

இவ்வளவு கருவி எதற்கு? பெட்டிக்குள் இருக்கிற தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டால் கண்டுபிடித்தது கண்டுபிடித்ததுதான். தளத்தில் போடுவது பெருமைக்கு. ஒரு நல்ல பேனை கொண்டு போங்கள், போதும். பென்சில் இன்னும் நல்லது, ஈரத் தாளிலும் எழுதும்.

தெஹிவளைச் சிட்டு எழுதியது:

பெருமை மட்டும் இல்லை அண்ணா. தாள் ஈரமாகிவிட்டது, பெட்டி உடைந்துவிட்டது, இடத்திலேயே இல்லை என்பதெல்லாம் ஒளித்துவைத்தவருக்குப் பதிவைப் பார்த்துத்தான் தெரியும். கிடைக்காவிட்டாலும் "கிடைக்கவில்லை" என்று போட வேண்டும்.

அக்கா, மலையில் நீங்கள் எர்த்கேஷ் ஏதாவது குறித்திருந்தால் அதில் பெட்டியும் கிடையாது, தாளும் கிடையாது. பாறையைப் பார்த்து, மண்ணைப் பார்த்து கேள்விகளுக்குப் பதில் எழுதி ஒளித்துவைத்தவருக்கு, அதாவது அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு, அனுப்ப வேண்டும். கேள்விகளை முதலே இறக்கிவைக்காவிட்டால் மேலே நின்று முழிக்க வேண்டியதுதான், திரும்ப ஏறவா முடியும்?

அப்புறம், பெட்டிக்குள் இலக்கம் பொறித்த தகடு மாட்டிய பொம்மை கிடந்தால் அது டிராவல் பக். எடுத்தால் தகட்டில் உள்ள இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் படத்தில் தெரியும்படி எங்கேயும் போடாதீர்கள், கையில் எடுக்காதவர்களும் பதிந்துவிடுவார்கள்.

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

பயணம் முடிந்து நேற்றுத்தான் வந்தேன். கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் கணக்கு ஒப்படைக்க வேண்டும் அல்லவா.

சிட்டுத் தங்கச்சி சொன்னபடி வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பதினொன்றில் மூன்று வெறுமையாகத் திறந்தன. வரைபடத்தில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு சேமித்ததாக நினைத்திருக்கிறேன். வெள்ளவத்தையில் தெரிந்தபடியால் தப்பினேன், ஹற்றனுக்கு அங்கால் தெரிந்திருந்தால் அழுதிருப்பேன்.

பதினொன்றில் ஏழு கிடைத்தது, இரண்டு கிடைக்கவில்லை, இரண்டுக்குப் போகவே இல்லை. போகாத ஒன்றுக்குக் காரணம் அட்டை. மழைக்குப் பிறகு புல்லுக்குள் காலை வைத்தேன், சப்பாத்தைக் கழற்றும்போது மூன்று அட்டைகள். அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

ரயிலில் போன் சார்ஜ் நானுஓயாவுக்கு முதலே பாதியாகிவிட்டது. சமிக்ஞை இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே களைத்துப்போகும் என்று பெறாமகன் பிறகு சொன்னான். அடுத்த நாளிலிருந்து விமானப் பயன்முறையில் போட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் விட்டுவைத்தேன். பின்னேரம் வரை தாக்குப்பிடித்தது.

குறிகாட்டுவானில் படகு ஏறும்போது போனை பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். ஒரு மணித்தியாலம் கடல். பக்கத்தில் இருந்த அம்மா நான் கொப்பியில் எழுதுவதைப் பார்த்து "கணக்கெடுப்புக்கு வந்தீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன், பொய்யும் இல்லை. நெடுந்தீவில் பவளக்கல் மதில்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் பெட்டியை ஒரு தடவை தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து எடுத்தேன்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று வேலை செய்தேன். தாளில் பெயர், போனில் ஓஃப்லைன் பதிவு, கொப்பியில் ஒரு வரி. கொப்பியில் இஸட்டுக்கு நடுவில் கோடு போட்டேன், பூச்சியத்துக்குக் குறுக்குக்கோடு. பேனைக்குப் பதில் பென்சில். சும்மா வாசிப்பவர் சும்மா சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் தங்கிய வீட்டில் வைஃபை கிடைத்ததும் டிராஃப்ட் எல்லாவற்றையும் கொப்பியோடு சரிபார்த்து அனுப்பினேன். போனிலும் ஒன்பது, கொப்பியிலும் ஒன்பது. ஒன்றும் இடிக்கவில்லை.

இனி அந்தப் பழைய ஐந்தாவது. பெறாமகனுக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அவன் உடனே பெட்டியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான், தனியாகப் போன முதல் நாள் நான் தேடியதாம், ஒரு சின்ன வாய்க்கால் பக்கம். குறியீடும் தந்தான். பதிய உட்கார்ந்தபோதுதான் கறையின் கீழே என் கையெழுத்தில் இரண்டு சொல் தெரிந்தது. "பேனை எழுதவில்லை." அன்றைக்கு மழையில் நனைந்த தாளில் எவ்வளவு கீறியும் மை பிடிக்கவில்லை, நாளைக்கு வந்து போடலாம் என்று பெட்டியை மூடிவிட்டு வந்தேன். நாளைக்குப் போகவில்லை.

பெறாமகன் "பரவாயில்லை சித்தி, போடுங்கள், யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்" என்கிறான். கொப்பியில் 17ஐ வெட்டி 16 என்று எழுதினேன். வெட்டிய இடத்தில் சுருக்கொப்பமும் வைத்துவிட்டேன்.